100க்கு 50 வந்தும் ‘யு’ போட்டிருக்கு, ஏன்? மார்க் ஷீட் வார்த்தைகளுக்கு அர்த்தம் வேணும்

தேவனாம்பட்டினத்து அண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி கடலூர்ல ஒரு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. முதல் வருஷம். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்திருக்கு. வீட்ல காலேஜ் வாசல் மிதிச்ச முதல் ஆள் அவதான். மார்க் ஷீட்டைப் பார்த்தா எனக்குப் பாதி புரியல. அப்படியே போடுறேன்:

தமிழ் 62, 3 கிரெடிட்
ஆங்கிலம் 55, 3 கிரெடிட்
கோர் ஒன்று 71, 5 கிரெடிட்
கோர் இரண்டு: இன்டர்னல் 22, எக்ஸ்டர்னல் 28, மொத்தம் 50, 5 கிரெடிட், ‘யு’
எலக்டிவ் 66, 3 கிரெடிட்
என்.எம்.இ. 80, 2 கிரெடிட்
ஃபவுண்டேஷன் கோர்ஸ் 74, 2 கிரெடிட்

முதல் சந்தேகம், 40 எடுத்தா பாஸ்னு சொன்னாங்க, 50 வந்தும் எப்படி ஃபெயில்? இரண்டாவது, கிரெடிட்னா என்ன, எஸ்.ஜி.பி.ஏ. எப்படிப் போடுறாங்க? மூணாவது, புதுச்சேரியில படிக்கிற சித்தப்பா பொண்ணு ‘டி’ன்னா மோசமான கிரேடுன்னு சொல்லுது. இங்க என்.எம்.இ. பேப்பருக்கு ‘டி பிளஸ்’னு போட்டிருக்கு, 80 மார்க்குக்கு! யார் சொல்றது சரி?

கெடிலக்கரை

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், அதுதான் அவசரம்.

பாஸ் மார்க் 40ங்கிறது பாதி விதிதான். இன்டர்னலுக்கு 25, எக்ஸ்டர்னலுக்கு 75ன்னு இருக்கிற இந்த மாதிரி முறையில பொதுவா இரண்டு வேலி இருக்கும். ஒன்று, இன்டர்னல் எக்ஸ்டர்னல் சேர்த்து 100க்கு 40. இன்னொன்று, எக்ஸ்டர்னல்ங்கிற செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியா 40 சதவீதம், அதாவது 75க்கு 30. தங்கச்சி முதல் வேலியைத் தாண்டியாச்சு, இரண்டாவதுல 2 மார்க் குறைவு. அதனாலதான் ‘யு’. அதுக்கு ‘மறுபடி எழுதணும்’னு அர்த்தம். சில மார்க் ஷீட்ல இதையே ‘ஆர்.ஏ.’ன்னு போடுவாங்க. பேச்சு வழக்குல அரியர். தேர்வுக்கே வராதவங்களுக்கு ‘யு’ போட மாட்டாங்க, ‘ஏ.ஏ.ஏ.’ன்னு வரும்.

இன்டர்னல் 22ங்கிறது சி.ஐ.ஏ., தொடர் அக மதிப்பீடு. இரண்டு மூணு டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், சில இடங்கள்ல வருகைப்பதிவு, இதெல்லாம் சேர்ந்தது. இதுல 22 வாங்கின பிள்ளை பாடம் தெரியாத பிள்ளை இல்லை. 3 மணி நேரத் தாள்லதான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கு.

நல்ல சேதி என்னன்னா, அரியர் எழுதும்போது இந்த 22 அப்படியே நிக்கும். மறுபடி அசைன்மென்ட் எழுதி நீட்ட வேண்டாம். எக்ஸ்டர்னல்ல 30 வந்தாலே போதும். இரண்டாம் செமஸ்டர் வகுப்புக்குப் போறதையும் இது தடுக்காது. ஏப்ரல் தேர்வுக்குப் பணம் கட்டும்போது இந்த பேப்பருக்கும் சேர்த்துக் கட்டிடணும். கட்டாம விட்டா ஹால் டிக்கெட்ல அந்த பேப்பரே இருக்காது. இப்படி மறந்து போய் அரை வருஷம் தள்ளிப்போறது எல்லா காலேஜ்லயும் நடக்கிற கூத்து.

புதுப்பாளையம் 607

ரீவேல்யூவேஷன் போடுங்க ப்ரோ, 2 மார்க்தானே, கண்டிப்பா வரும்.

கெடிலக்கரை

கண்டிப்பா வரும்னு யாரும் சொல்ல முடியாது தம்பி. மூணு வார்த்தையும் வேற வேற, அதைப் பிரிச்சுப் பார்த்துட்டுப் பணம் கட்டட்டும்.

ஃபோட்டோகாப்பி: திருத்தின விடைத்தாளோட நகல் மட்டும் கிடைக்கும். மார்க் மாறாது.
ரீடோட்டலிங்: போட்ட மார்க்கைக் கூட்டினது சரியா, எல்லா பதிலுக்கும் மார்க் விழுந்திருக்கான்னு மட்டும் பார்ப்பாங்க. யாரும் உங்க பதிலைப் படிக்க மாட்டாங்க.
ரீவேல்யூவேஷன்: இன்னொருத்தர் முழுசாத் திருத்துவார். மார்க் கூடலாம், அப்படியே நிக்கலாம். குறைஞ்சா எதை எடுத்துக்குவாங்கங்கிறது விதிக்கு விதி மாறும், அறிவிப்பைப் படிச்சுட்டுப் போடணும்.

வரிசை முக்கியம். நகல் தர்ற வசதி இருந்தா முதல்ல அதை வாங்குங்க. கையில வந்ததும் மூணு இடத்தைப் பாருங்க. உள்பக்கத்து மார்க் எல்லாம் முகப்பு அட்டவணையில ஏறியிருக்கா? கடைசிப் பக்கங்கள்ல எழுதினது திருத்தாம விட்டுப்போச்சா? கேள்வி எண்ணை மாத்தி எழுதி வச்சிருக்காளா? முதல் இரண்டும்னா ரீடோட்டலிங்கே போதும், செலவும் குறைவு. அது எதுவும் இல்லாம ‘இந்தப் பதிலுக்கு இன்னும் போட்டிருக்கலாம்’னு தோணினா, அந்தப் பாடம் எடுக்கிற மேடத்துக்கிட்டயே நகலைக் காட்டிக் கேட்டுட்டு ரீவேல்யூவேஷன் போடுங்க. கெடு ரிசல்ட் வந்த நாள்ல இருந்து ஓட ஆரம்பிச்சுடும். நகல் வரட்டும்னு உட்கார்ந்திருந்து ரீவேல்யூவேஷன் தேதியைத் தவற விட்டா யாரும் உதவ முடியாது.

கிரேஸ் மார்க் (கருணை மார்க்), மாடரேஷன் (எல்லாருக்கும் பொதுவா மார்க்கைச் சரிக்கட்டுறது) போட்டு 2 மார்க் தருவாங்கன்னும் காத்திருக்க வேண்டாம். மாடரேஷன்னு ஒன்னு நடந்தா அது ரிசல்ட் வெளியாகுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். நீங்க பார்க்கிற 28 அதுக்கு அப்புறம் வந்த 28.

முதுநகர் கணக்குப்பிள்ளை

கிரெடிட் விஷயத்துக்கு வருவோம்.

கிரெடிட் என்பது பேப்பரின் எடை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்குப்படி வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் 1 கிரெடிட். செய்முறை என்றால் வாரம் 2 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். பாடத்திட்டப் புத்தகத்தில் எல், டி, பி என்று மூன்று கட்டம் இருக்கும்: விரிவுரை, டுடோரியல், பிராக்டிகல். 4 மணி நேர லேபுக்கு 2 கிரெடிட்தானா என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

தங்கையின் மொத்த கிரெடிட் 23. இனி எஸ்.ஜி.பி.ஏ., அதாவது ஒரு செமஸ்டரின் சராசரி கிரேடு பாயின்ட். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மார்க்கைப் பத்தால் வகுத்தால் அதுவே கிரேடு பாயின்ட். 62க்கு 6.2. அதைக் கிரெடிட்டால் பெருக்கவும்.

தமிழ் 6.2 × 3 = 18.6
ஆங்கிலம் 5.5 × 3 = 16.5
கோர் ஒன்று 7.1 × 5 = 35.5
எலக்டிவ் 6.6 × 3 = 19.8
என்.எம்.இ. 8.0 × 2 = 16
ஃபவுண்டேஷன் 7.4 × 2 = 14.8

கூட்டினால் 121.2. கோர் இரண்டு ‘யு’ என்பதால் அதற்கு 50 மார்க் இருந்தும் பாயின்ட் பூஜ்யம், கிரெடிட்டும் கைக்கு வராது.

வகுக்கும் இடத்தில்தான் குழப்பம். ஃபெயில் ஆன பேப்பரின் கிரெடிட்டையும் சேர்த்து 23ஆல் வகுத்தால் 5.27. பாஸ் ஆன 18 கிரெடிட்டை மட்டும் எடுத்தால் 6.73. ஒரே பிள்ளை, ஒரே மார்க், இரண்டு எண். யு.ஜி.சி. மாதிரியில் ஃபெயிலுக்கும் பூஜ்யம் போட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். பாஸ் ஆன பேப்பரை மட்டும் எடுக்கிற பல்கலைக்கழகங்களும் உண்டு. தங்கையின் பேட்ச்சுக்கான ரெகுலேஷனில் (விதிமுறைப் புத்தகத்தில்) சூத்திரம் அச்சாகியிருக்கும், அதுதான் தீர்ப்பு. பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கோடு ஒப்பிடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரலில் எக்ஸ்டர்னல் 32 எடுத்தால் 22 + 32 = 54. 5.4 × 5 = 27. மொத்தம் 148.2, வகுத்தல் 23, ஆக 6.44.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கோர் பேப்பரில் 10 மார்க் கூட எடுத்தால் மேலே 5 பாயின்ட் ஏறும், எஸ்.ஜி.பி.ஏ.யில் கிட்டத்தட்ட 0.22. அதே 10 மார்க்கை என்.எம்.இ.யில் கூட எடுத்தால் 0.09 தான். என்.எம்.இ.யில் 80 எடுத்து கோரில் தடுக்கி விழுவது, கைப்பிடிச் சுவருக்கு மார்பிள் பதித்துவிட்டு அஸ்திவாரத்தை விட்ட கதை.

சி.ஜி.பி.ஏ. என்பது எல்லா செமஸ்டரும் சேர்ந்தது. எஸ்.ஜி.பி.ஏ.க்களை வெறுமனே கூட்டி 6ஆல் வகுக்கக் கூடாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் கிரெடிட் வேறு, அந்த எடையோடுதான் போட வேண்டும்.

புதுப்பாளையம் 607

சி.ஜி.பி.ஏ.வை 9.5ஆல பெருக்கினா பர்சன்டேஜ் வந்துடும், எளிய வழி.

முதுநகர் கணக்குப்பிள்ளை

அந்த 9.5 சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு ஒரு காலத்தில் வைத்திருந்த கணக்கு. கல்லூரிக்கு அதைப் போட்டால் விண்ணப்பத்தில் தப்பான எண் ஏறும், சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள். பொறியியல் பக்கம் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அட்டவணை வேறு: 6.25க்கு 55 சதவீதம், 6.75க்கு 60, 7.75க்கு 70. அதாவது 0.75 கழித்துப் பத்தால் பெருக்குவது. மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் மாற்று முறை அச்சாகியிருந்தால் அது மட்டும்தான் செல்லும். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் மாற்றுச் சான்று கேட்டு வாங்க வேண்டும்.

கலைக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் என்று தனித்தனியாகவே வகுப்பு போடுவது வழக்கம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘டிகிரி பர்சன்டேஜ்’ என்று கேட்டால் அது எந்தப் பகுதி என்று விளம்பரத்தில் தேடுங்கள். அரியர் வைத்துப் பின்னால் பாஸ் செய்தாலும் முதல் வகுப்பு கிடைக்கும். டிஸ்டிங்ஷனும் ரேங்கும் பொதுவாக முதல் முயற்சியிலேயே எல்லாம் பாஸ் ஆனவர்களுக்குத்தான்.

லாஸ்பேட்டைக்காரி

‘டி’ சண்டைக்குத் தீர்ப்பு: அண்ணா, இரண்டு பேரும் சரி!

சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற அட்டவணையில 90க்கு மேல ‘ஓ’, 80 முதல் 89 வரை ‘டி பிளஸ்’, 75 முதல் 79 வரை ‘டி’. அந்த ‘டி’ டிஸ்டிங்ஷன். அதுக்குக் கீழதான் ‘ஏ பிளஸ்’ (70 முதல்), ‘ஏ’ (60 முதல்), ‘பி’ (50 முதல்), ‘சி’ (40 முதல்). ஆக ‘டி’ வாங்கினவ ‘ஏ’ வாங்கினவளை விட மேல.

யு.ஜி.சி. பத்துப் புள்ளி அட்டவணையில ‘ஓ’ 10, ‘ஏ பிளஸ்’ 9, ‘ஏ’ 8, ‘பி பிளஸ்’ 7, ‘பி’ 6, ‘சி’ 5, ‘பி’ன்னு எழுதுற பாஸ் 4, ‘எஃப்’ பூஜ்யம். இதுல டிஸ்டிங்ஷனுக்குன்னு ‘டி’யே கிடையாது. புதுச்சேரிப் பிள்ளைக்கு ‘டி’ன்னதும் பகீர்னு ஆகுறது நியாயம்தான். தமிழ்ல எழுதினா இன்னொரு வம்பு: ஆறு புள்ளி ‘பி’யும் நாலு புள்ளி ‘பி’யும் ஒரே எழுத்து மாதிரி தெரியும், ஆங்கிலத்துல வேற வேற எழுத்து. படிவத்துல மாத்தி எழுதிடாதீங்க.

பேரும் எங்க புதுச்சேரியில வேற மாதிரிதான். காலாப்பட்டுல இருக்கிற புதுச்சேரி பல்கலைக்கழகத்துல எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்கிறவங்க ஹார்ட் கோர், சாஃப்ட் கோர்னு பேசுவாங்க. ஹார்ட் கோர் கட்டாயம், சாஃப்ட் கோர் பட்டியல்ல இருந்து எடுத்துக்கிறது. இன்டர்னல் 40, எக்ஸ்டர்னல் 60. இளநிலையில இப்போ புதிய கல்விக் கொள்கை வடிவம்: மேஜர், மைனர், பல்துறைப் பாடம், திறன் பாடம்னு வரும். அந்த யு.ஜி.சி. வடிவத்துல 3 வருஷ டிகிரிக்குக் குறைஞ்சது 120 கிரெடிட், 4 வருஷ ஹானர்ஸுக்கு 160. முதல் வருஷத்தோட நிறுத்தினா 40 கிரெடிட்டோட கோடையில 4 கிரெடிட் தொழில் பாடமும் முடிச்சாத்தான் சர்டிஃபிகேட். வெறுமனே நின்னா எதுவும் கிடைக்காது, அதை யாரும் எடுத்துச் சொல்றதில்லை.

உங்க பக்கம் என்.எம்.இ.ன்னா முதன்மைப் பாடம் அல்லாத விருப்பப் பாடம், வேற துறையில இருந்து எடுக்கிறது. இங்க மைனர்னு சொல்றது அது இல்லை. மைனர் பல செமஸ்டர் தொடர்ந்து ஓடும்.

கெடிலக்கரை

நல்லா சொன்னீங்க. கடலூர் பிள்ளைகளுக்கு இதோட இன்னொரு குழப்பமும் சேரும். மாவட்டத்துக் கல்லூரிகள் முன்னாடி வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ இருந்தது, அப்புறம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாறுச்சு. சீனியர் அக்கா கொடுக்கிற பழைய விதி, பழைய கேள்வித்தாள், பழைய மார்க் ஷீட் எல்லாம் வேற பல்கலைக்கழகத்தோடதா இருக்கலாம். ஆட்டோனமஸ் கல்லூரின்னா கேள்வித்தாள், திருத்தம், ரிசல்ட் எல்லாம் கல்லூரியே பார்க்கும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். அப்படின்னா ரீவேல்யூவேஷன் விண்ணப்பம் சிதம்பரத்துக்குப் போகாது, கல்லூரியோட தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத்தான்.

‘கோர்ஸ்’ங்கிற வார்த்தையும் கவனம். ஊர்ல கோர்ஸ்னா பி.எஸ்சி. விண்ணப்பத்துல ‘கோர்ஸ் கோடு’ன்னா ஒரு பேப்பரோட எண். பி.எஸ்சி.க்கு அங்க ‘புரோகிராம்’னு பேர். அரியர் விண்ணப்பத்துல இந்த எண்ணை மார்க் ஷீட்டைப் பார்த்து அப்படியே எழுதணும். பாடத்திட்டம் மாறினா பேர் ஒன்னா இருந்தும் எண் மாறியிருக்கும்.

தேவனாம்பட்டினத்து அண்ணன்

ரொம்ப நன்றி, அவ பக்கத்துல உட்கார்ந்து படிச்சுட்டு இருக்கா. இரண்டு விஷயம் கேட்கச் சொல்றா. கேள்வித்தாள் ஓரத்துல கே1, கே2ன்னு போட்டிருந்ததாம், அது என்ன? அப்புறம் வருகைப்பதிவு 71 சதவீதம்னு இப்போ காட்டுதாம், இரண்டாம் செமஸ்டர் எழுத விடுவாங்களா?

முதுநகர் கணக்குப்பிள்ளை

கே எண்தான் அந்தக் கேள்விக்கு எப்படிப்பட்ட பதில் வேண்டும் என்பதற்கான குறிப்பு. 1 நினைவுகூர்தல், 2 புரிதல், 3 பயன்படுத்துதல், 4 பகுத்தாய்தல், 5 மதிப்பிடுதல், 6 உருவாக்குதல். இன்டர்னலில் 22 வாங்கி எக்ஸ்டர்னலில் 28க்கு வருகிற பிள்ளைகளில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். எல்லா கேள்விக்கும் கே1 பதிலையே நீட்டி எழுதுகிறார்கள்.

சுற்றுச்சூழல் பேப்பரில் தானே புயல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது.

‘வரையறு’ என்றால் வெப்ப மண்டலப் புயல் என்றால் என்ன என்று இரண்டு வரி. தானேயின் பெயரே தேவையில்லை.

‘விவரி’ என்றால் நடந்ததை வரிசையாக: எங்கே கரை கடந்தது, காற்று, மழை, பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த முந்திரி, பலா மரங்கள், நின்றுபோன மின்சாரம்.

‘விளக்குக’ என்றால் காரணம் வர வேண்டும். முந்திரித் தோப்பு ஏன் அவ்வளவு அடி வாங்கியது, மறுபடி காய்ப்புக்கு வர ஏன் பல வருஷம் ஆகும்.

‘ஒப்பிடுக’ என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும். தானேயைப் பற்றி ஒரு பக்கம், 2015 வெள்ளத்தைப் பற்றி ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதினால் அது இரண்டு விவரிப்பு, ஒப்பீடு இல்லை. காற்றால் சேதமா நீரால் சேதமா, மரமா குடியிருப்பா, எச்சரிக்கைக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒவ்வொரு கோணத்திலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

‘மதிப்பிடுக’ என்றால் உங்கள் முடிவு கட்டாயம். மறுநடவுக்கு முந்திரி சரியா, வேறு மரம் சரியா என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு ஒரு பக்கம் சாய்ந்து, ஏன் என்றும் எழுத வேண்டும். ‘இரண்டிலும் நன்மை தீமை உண்டு’ என்று முடித்தால் பாதி மார்க் அங்கேயே போச்சு.

75 மார்க் தாளில் வழக்கமான அமைப்பு 10 × 2, 5 × 5, 3 × 10. மொத்தம் 180 நிமிடம். இரண்டு மார்க் பத்தையும் 40 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஐந்து மார்க் கேள்வி ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம், ஆக ஒரு மணி நேரம். பத்து மார்க் மூன்றுக்கும் 70 நிமிடம். மிச்சம் 10 நிமிடம் கேள்வி எண் சரிபார்க்க. இரண்டு மார்க்குக்கு அரைப் பக்கம் எழுதுகிற பழக்கம் இருந்தால், கடைசிப் பத்து மார்க் பாதியில் நிற்கும். விடைத்தாள் நகல் வந்ததும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

லாஸ்பேட்டைக்காரி

வருகைப்பதிவுக்கு நான். புதுச்சேரி பல்கலைக்கழகத்துல குறைஞ்சபட்சம் 70. தமிழ்நாட்டுப் பக்கம் பொதுவா 75 வேணும். 65க்கும் 75க்கும் நடுவுல இருந்தா கண்டோனேஷன், அதாவது குறையைப் பொறுத்தருள விண்ணப்பமும் கட்டணமும் கட்டிட்டு எழுதலாம். 65க்குக் கீழ போனா அந்த செமஸ்டர் தேர்வு கையை விட்டுப் போகும், 50க்குக் கீழன்னா செமஸ்டரையே திரும்பப் படிக்கச் சொல்ற இடங்கள் உண்டு.

செமஸ்டருக்கு 90 வேலை நாள்னு வைங்க. 75 சதவீதம்னா 68 நாள். ஆனா இப்போ காட்டுற 71 இதுவரை நடந்த நாளுக்கு மட்டும்தான். உதாரணத்துக்கு 45 நாள் முடிஞ்சு 32 நாள் வந்திருந்தா 71. மிச்ச 45ல 36 நாள் வந்தா 68 ஆயிடும், அதாவது இனி 9 நாள்தான் லீவு போடலாம்.

மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்தா வருகை கூடும்னு நினைக்கிறாங்க. கூடாது, கண்டோனேஷனுக்குக் காரணமா மட்டும்தான் நிக்கும். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டுக்குப் போனா ஓ.டி. (ஆன் டியூட்டி), அது வருகையாவே ஏறும். ஆனா கடிதத்தைப் போறதுக்கு முன்னாடி துறையில கொடுத்திருக்கணும்.

மழைக்கு கலெக்டர் விடுற லீவு கணக்குல வராது. அதுக்குப் பதிலா சனிக்கிழமை வகுப்பு வைப்பாங்க, அந்த சனிக்கிழமை வரலைன்னா அது முழு ஆப்சென்ட். நம்ம ஊர்ப் பிள்ளைங்க 75ஐ தொட முடியாம போறதுக்கு நவம்பர் மழையை விட அந்த சனிக்கிழமைகள்தான் காரணம்.

தேவனாம்பட்டினத்து அண்ணன்

சனிக்கிழமை மூணு நாள் போகலைன்னு இப்போ ஒத்துக்கிட்டா. நாளைக்கே நகலுக்கு விண்ணப்பம் போடப் போறோம். கடைசி தேதி வெள்ளிக்கிழமை.